மாடித் தொட்டியின் நீர்மட்டம்

எங்கள் குவார்ட்டர்ஸ் மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை என் கணவர் ராஜஸ்தானிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் கருவிப் பிரிவில் இருந்தவரை ராஜஸ்தானில் ஒரு மின்நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம், தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டைத் தொட்டியோடு பொருத்தினார். ஒரு புகைப்படம் வைக்கக்கூட இடமில்லாத அதன் நினைவகத்தில், இன்டர்நெட்டில் பேசும் மென்பொருள் ஓடியது. யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டது. வேண்டாததையெல்லாம் அவர் அதிலிருந்து நீக்கியிருந்தார். கேட்டால் நீர்மட்டத்தைச் சொல்லும், கேட்காவிட்டால் பேசாது.

நான் டவுன்ஷிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுவேன், ஆறு இருபதுக்கு நிறுத்துவேன். இரண்டு நேரத்தையும் டைரியில் எழுதுவேன். விடைத்தாள் திருத்திய ஒரு காலையில் மட்டும் விட்டுப்போனது. பள்ளி இடைவேளையில் போன் வந்தது.

"என்னம்மா, தொட்டி கால்வாசிதான் இருக்கு?"

"மோட்டார் போட மறந்துட்டேங்க."

"நீயா? உன்னைப் பாத்துதானே ஸ்கூல்ல பெல்லே அடிக்கிறாங்க!"

வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நான்கு கேள்விகளில் முடிந்துவிடும். மோட்டார் மறந்த அன்று இருபது நிமிடம் பேசினார். அங்கே ரொட்டி வறட்டி மாதிரி இருக்கிறது என்றார். பண்ருட்டிப் பலா வந்துவிட்டதா என்று கேட்டார்.

அடுத்த புதன்கிழமை சுவிட்சின் முன்னால் நின்றேன். போடவில்லை. டைரியில் 'மறந்தேன்' என்று எழுதினேன். அந்த டைரியில் நான் எழுதிய முதல் பொய். போன் வந்தது. அதற்கடுத்த வாரமும் 'மறந்தேன்'.

"இன்னா டீச்சர், உங்க வூட்டு மோட்டார் சத்தம் கேட்டுத்தான் நான் குக்கரே வெக்கிறேன். எங்க வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் பட்டினியா போனாரு!" என்றார் பக்கத்து வீட்டம்மா.

அந்த முறை என் கணவரும் சிரிக்கவில்லை. எனக்கு வேலை அதிகமாகிவிட்டதென்று நினைத்துவிட்டார். லீவில் வந்தபோது போர்டை மோட்டாரோடு இணைத்து, மென்பொருளில் சில வரிகள் சேர்த்தார்.

"இனிமே மட்டம் கொறஞ்சா அதுவே போட்டுக்கும். உனக்கு ஒரு கவலை விட்டுது."

அவர் திரும்பிப் போன பிறகு தொட்டி பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒன்பது நாள்கள் போயின. பத்தாம் நாள் இடைவேளையில் நானே கூப்பிட்டேன்.

"என்னாச்சு? தண்ணி வரலியா?"

"தொட்டியில தண்ணி இருக்குங்க."

"தெரியும். காலையிலயே பாத்தேன்."

"தண்ணி இருந்தா பேசக்கூடாதா?"

மறுமுனையில் இயந்திர இரைச்சல் குறைந்தது; தள்ளி வந்திருப்பார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆறே முக்காலுக்கு மட்டம் கொஞ்சம் எறங்கும். குளிக்கிறேன்னு நெனச்சுக்குவேன். ஏழே காலுக்கு இன்னும் கொஞ்சம். துணி அலசுற. அதைப் பாத்துட்டுத்தான் டீ குடிக்கப் போவேன்."

வகுப்பு மணி அடித்தது; போனை வைத்தேன்.

மறுநாள் அலசத் துணி இல்லை. ஏழே காலுக்குக் குழாயைத் திறந்து, இரண்டு வாளி பிடித்துச் செடிகளுக்கு ஊற்றினேன்.