சிஞோரா கால்தோ

அற்புதமலருக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அந்தத் திங்கட்கிழமை இரண்டு காதும் எரிந்தன.

பலெர்மோவின் ஓர் ஆய்வுகூடத்தில் ஏழு வருடமாகத் தரை துடைப்பவள் அவள். மன்னாரிலிருந்து வந்த புதிதில், 1992இல், 'கால்தோ' என்று எழுதிய பெட்டிக்குள் வைக்கச் சொன்ன கண்ணாடிக் குழாய்களைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். இத்தாலிய மொழியில் கால்தோ என்றால் சூடு. பள்ளியில் படித்த அரைகுறை ஆங்கிலம் அதை 'கோல்ட்', குளிர் என்று அவளுக்குச் சொல்லிவிட்டது. அன்றைக்குச் சிரிக்கத் தொடங்கியவர்கள் இன்னும் முடிக்கவில்லை. அவள் பெயரே சிஞோரா கால்தோ, அதாவது சூட்டம்மா, என்று ஆகிப்போனது.

கூடத்தில் ஒருவகை மெழுகை ஆராய்ந்தார்கள். சுவருக்குள் வைத்தால் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடுமாம். எவ்வளவு பிடிக்கும் என்று அறிய, மெழுகுக் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் ஒன்றாகச் சூடாக்கி, அசையாத காற்றில் ஆறவிடுவார்கள்; காற்று அடித்தால் வேகமாக ஆறி அளவு பிழைத்துவிடும். இரண்டின் வெப்பநிலையையும் பேனை ஒன்று காகிதத்தில் கோடாகப் போடும். தண்ணீரின் கோடு இறங்கிக்கொண்டே போகும். மெழுகின் கோடோ அது உறைந்து முடியும்வரை மட்டமாக நிற்கும். ஒரு மாதமாக அந்த மட்டக்கோடு குறுகிக்கொண்டு வந்தது.

"தரை காயட்டும் என்று இவள்தான் பல்கனிக் கதவைத் திறக்கிறாள்," என்றான் உதவி ஆய்வாளன் ஃபெரான்டே. "சூடு எது, குளிர் எது என்றே தெரியாதவள்!"

பேராசிரியர் அதை நம்பினார். மாதக் கடைசியில் அவளுடைய வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, முடிகிறது. நாட்டில் தொடர்ந்து இருக்க அதைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க அவருடைய வேலைக் கடிதம் வேண்டும். தரமுடியாது என்றுவிட்டார். விசாரிக்கவேண்டும் என்றுகூட அந்தப் பெரிய மனிதருக்குத் தோன்றவில்லை.

"விடும் மலர், அவங்களோடை கதைச்சு வெல்லேலுமே?" என்றான் அன்றிரவு வீட்டில் கணவன் கொன்ஸ்ரன்ரைன்.

"வாயை மூடச் சொல்லுறியளோ? பல்கனிக் கதவைத் திறந்துவைச்சுச் சிகரெட் பத்துறது அந்த ஃபெரான்டே. சாம்பல் கூட்டுறது நான். இப்ப பழியும் எனக்கோ?"

மறுநாள் அவள் துடைப்பத்தைத் தொடவில்லை. கோட்டுத் தாள்கள் இருந்த இலாச்சியை இழுத்தாள். ஒவ்வொரு தாளிலும் திகதியும் நேரமும் இருந்தன. புதன், பதினொன்று பத்து: தண்ணீர்க் கோடு சடாரென்று சரிந்திருந்தது. வெள்ளியும் அதே நேரம். வியாழனும் அதே நேரம். அந்த வியாழன் முழுக்க அவள் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெஸ்ஸோ வரிசையில் நின்றாள். திகதி அடித்த இலக்கத் துண்டு கைப்பையிலேயே கிடந்தது.

தாள்களைப் பேராசிரியரின் மேசையில் விரித்து, மேலே அந்தத் துண்டை வைத்தாள். பல்கனியில் பொறுக்கிய சிகரெட் கட்டைகளைப் பக்கத்தில் கொட்டினாள்.

"வியாழக்கிழமை நான் இஞ்சை இல்லை. பதினொண்டு பத்துக்குக் கதவைத் திறந்தது ஆரெண்டு இவரைக் கேளுங்கோ," என்று அங்கே நின்ற ஃபெரான்டேயைக் காட்டினாள்.

பேராசிரியர் தாள்களைப் பார்த்தார். ஃபெரான்டே கூரையைப் பார்த்தான். பேராசிரியர் கணினியில் வேலைக் கடிதத்தைத் தட்டத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றார்.

"சிஞோரா... உங்கள் பெயர் என்ன?"

ஏழு வருடம்! அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஃபெரான்டேயின் பக்கம் திரும்பினாள்.

"நீர் வந்து இரும். நீர்தான் அடிக்கவேணும்."

எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இரண்டு தரம் பிழை விட்டான். இரண்டு தரமும் அச்சாகி வந்த தாளைக் கிழித்துப் போட்டு, "முதலிலையிருந்து" என்றாள். மூன்றாவது தாளில்தான் அவள் பெயர் சரியாக வந்தது.