ஞாயிற்றுக்கிழமைக் கைகள்

வெம்பக்கோட்டைக்குப் போகும் சாலையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், வாலிபால் குழு ஒன்றை நான்கு ஆண்டுகள் நான் நடத்தினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, கிழமை, புள்ளி, யார் யார் ஆடினார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2006 ஆடி மாதத்துக்கு உரிய பக்கங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன. அந்த மாதமும் எங்கள் பையன்கள் ஆடினார்கள். என்னிடம் ஆடவில்லை.

அவர்களை என்னிடமிருந்து கொண்டுபோனவர் போலீஸ் ஏட்டு.

அதற்கு முந்தைய வருடம் தீபாவளி சீசன் நேரத்தில் ஊரில் சோதனை நடந்திருந்தது. அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் பட்டாசு செய்கிறார்கள் என்று இரண்டு பேரைப் பிடித்துப் போனார்கள். அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே ஆண்கள் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். இதைச் சரிசெய்ய ஸ்டேஷனில் ஒரு யோசனை பிறந்தது: ஊர் ஊராக இளைஞர்களைச் சேர்த்து போலீஸே வாலிபால் சொல்லிக்கொடுப்பது, ஆவணிக் கடைசியில் விருதுநகரில் போட்டி வைப்பது. எங்கள் ஊருக்கு அந்த ஏட்டு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தொந்தி வேறு. நான் சிரித்தேன். அவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு ஒரு சர்வீஸ் அடித்தார். நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

புதுப் பந்தும் நைலான் வலையும் அவர் கொண்டுவந்தார். என் வலை, லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை முடிந்து வரும்போது நான் எடுத்துவந்த சணல் கயிற்றில் பின்னியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. வலையருகே நின்று பந்து தூக்கிக் கொடுக்கும் பையன் ஒருவன் இருந்தான். எங்கள் குழுவின் உயிரே அவன்தான். பந்தை நெஞ்சுவரை இறங்கவிட்டுத் தூக்குவான், இரண்டு முறை கையில் படும், நடுவர் விசில் ஊதிவிடுவார். இரண்டு வருடம் நான் கத்திப் பார்த்த தப்பு அது. ஏட்டு அவனைத் தரையில் சப்பணமிட்டு உட்காரவைத்து, உட்கார்ந்தபடியே பந்தைத் தூக்கச் சொன்னார். மூன்றாவது ஞாயிறு தப்பு போய்விட்டது. வேலிக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்தபடி அதைப் பார்த்தேன்.

நான்காவது ஞாயிறு அந்தப் பையனின் விரல் பிசகியது. ஏட்டு அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையைக் கிழித்து விரலில் சுற்றினார். முழுவதையும் நான் பார்த்தேன்.

மறுநாள் டீக்கடையில் பாதியை மட்டும் சொன்னேன்.

“ஏட்டு பயலுக கையத் திருப்பித் திருப்பிப் பாக்காரு. என்னத்துக்குன்னு தெரியல.”

அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. பட்டாசுக்குச் சேர்க்கும் அலுமினியப் பவுடர் கையில் பட்டால் தோல் வெள்ளி பூசியதுபோல் ஆகிவிடும். வெறும் தண்ணீரில் லேசில் போகாது. வேலை நாளில் அப்படி இருந்தால் கம்பெனியில் ஒட்டியது என்று சொல்லலாம். சனிக்கிழமை கம்பெனியிலேயே எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கை கழுவி வந்தவனுக்கு ஞாயிறு காலை கை பளபளத்தால், அது வீட்டில் ஒட்டியதுதான். பயிற்சியோ ஞாயிறு காலையில். டீக்கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு மூன்று பேர்தான் போனார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, கை சிவந்து போயிருந்தது. பந்து வழுக்கியது. ஏட்டு பந்தை மோந்து பார்த்துவிட்டு, “ஏலே, பந்த வச்சு அடுப்புப் பத்தவைக்கவா வந்தீக?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஒருவரும் போகவில்லை.

அன்று என் பழைய பந்துக்குக் காற்றடித்து, சணல் வலையைக் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். இனி என்னிடம்தானே வருவார்கள் என்று நினைத்தேன். வெயில் ஏறும்வரை யாரும் வரவில்லை. பந்து தூக்கும் பையனின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றிருந்தான்.

“வாலே, ஆடுவோம்.”

“அம்மா விடமாட்டேங்கா அண்ணே. பந்துன்னாலே ஆவாதுங்கா. உங்க பந்தும் வேண்டாமாம்.”

அவன் விரலில் அந்தக் கைக்குட்டைத் துணி அழுக்கேறி இன்னும் இருந்தது. விருதுநகர்ப் போட்டிக்கு இரண்டு வாரம்தான் பாக்கி.

நான் உள்ளே போனேன். அவன் அம்மா தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்ப்பவர். நான் மதினி என்று கூப்பிடுவேன்.

“மதினி, ஏட்டு கையப் பாத்தது விரல் பிசகுனதுக்கு. துணி சுத்தி விட்டாரு. நானே பாத்தேன்.”

“இவனும் அதத்தான் சொன்னான். வெளாடப் போறதுக்குப் பொய் சொல்லுதான்னு நெனச்சேன். நீங்க எதையும் எழுதி வைக்கிற ஆளு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊரே நம்புச்சு. அப்ப இத ஏன் சொல்லல?”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“வயித்தெரிச்சலா?”

“ஆமா.”

“நல்லாருக்கு. மீசை வச்ச ஆளு, சக்களத்தி மாதிரி.” பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க சொல்லிட்டா மட்டும் அம்புட்டுப் பேரும் பயலுகள விட்டுருவாளுகளா? அந்த ஏட்டையாவே வந்து சொல்லட்டும். சீருடை இல்லாம வரச் சொல்லுங்க.”

ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “நாலு வருசம் வளத்தவருக்கு இருக்கத்தானே செய்யும் தம்பி,” என்றார். அந்தப் பெருந்தன்மைக்காகவும் அவர்மேல் எரிச்சல் வந்தது.

மறுநாள் சாயங்காலம் வேட்டி கட்டிக்கொண்டு ஊர்க் குழாயடிக்கு வந்தார். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

“வீட்டுக்குள்ள வெடிமருந்து வைக்கிறீகன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீக. அது பிள்ளைகளக் கொல்லும், விட்டுருங்கன்னு இப்பவும் சொல்லுதேன். அதுக்காகப் பிடிக்க வந்தா காக்கிச் சட்டை போட்டு, ஜீப்புல, பகல்ல வருவேன். பந்த எடுத்துக்கிட்டு வரமாட்டேன்.”

“வருவீகளா?” என்று ஒரு பெண் கேட்டார்.

“வச்சிருந்தா வருவேன்.”

வரமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். மதினி மகனைத் திரும்பிப் பார்த்து, “போ. இருட்டுக்குள்ள வந்துரு,” என்றார்.

ஆவணிக் கடைசி ஞாயிறு வேன் பிடித்து விருதுநகர் போனோம். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதில் நேர் செட்டில் தோற்றோம். ஏட்டு பையன்களைச் சுற்றி நிறுத்திக் கத்தினார். நின்றால் மரம், ஓடினால் மாடு என்று ஒருவன் பாக்கியில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகு, பந்து தூக்கும் பையன் அவர் தொந்தியைப் பார்த்துச் சொன்னான்:

“ஏட்டையா, எதுத்தாப்புல இருந்தவனுக்கு நம்ம பக்கம் எல்லா எடமும் காலியாத் தெரிஞ்சுச்சு. உங்கள நடுவுல நிறுத்தியிருந்தா சுத்தமா அடைச்சிருக்கும்.”

ஏட்டு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன வருடம் ஜீப்பைக் கண்டு முள்ளில் விழுந்து ஓடியவர்கள்.

நான் நாலடி தள்ளி, நோட்டில் புள்ளி எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேலி செய்ததில்லை. அண்ணே என்று கூப்பிட்டார்கள், சொன்னதைச் செய்தார்கள், ஆடிவிட்டுப் போனார்கள். அதைத்தான் மரியாதை என்று எண்ணி நான் மகிழ்ந்திருந்தேன்.

திரும்பும்போது வேனில் அவன் ஏட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சாத்தூர் வருவதற்குள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வழிநெடுக அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.