பின்கதவில் உட்கார்ந்த அண்ணி

என் அண்ணியைப் புகழப்போகிறேன். நாத்தனார் வாயில் வரக்கூடிய பேச்சில்லை இது, தெரியும். வீட்டில் எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருவரும் ஒரே தையல் ஆலையில் வேலை. அண்ணி சட்டைக் காலரில் லேபிள் தைப்பார், பெரிய கம்பெனி ஒன்றின் பெயர் போட்ட லேபிள். அந்தக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எங்களுக்கு முகக்கவசம் கிடைக்கும். பின்கதவை அடைத்திருக்கும் துணி மூட்டைகள் நகரும், பூட்டு திறக்கும். "கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்" என்று சொல்ல எங்களுக்குப் பாடம் வேறு நடக்கும். வந்தவர்கள் கிளம்பியதும் மறுபடி பூட்டு. போன வருஷம் இஸ்திரிப் பக்கம் புகை கிளம்பியபோது எல்லோரும் ஒரே வாசலில் முட்டிமோதினோம். மாசமாக இருந்த அண்ணியின் தோழி விழுந்து மிதிபட்டாள். பிள்ளை தங்கவில்லை. பதறியது எங்கள் தப்பு என்று மேனேஜர் திட்டினார். பாவி!

இந்தத் தடவை சோதனைக்கு வந்த கம்பெனி அம்மா மேனேஜர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போய்விட்டார் என்று நினைத்துக் காவலாளி பூட்டோடு வந்துவிட்டார். அண்ணி ஸ்டூலை இழுத்துக் கதவு நிலைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

மேனேஜர் ஓடிவந்து கிசுகிசுத்தார். "எழுந்திரும்மா! வேலை வேணுமா, வேணாமா?"

அண்ணி குரலை உயர்த்தினார். "எப்பவும் திறந்திருக்கும்னு காலையில என்னைச் சொல்ல வச்சீங்களே சார். நான் பொய் சொன்னவளா ஆகக்கூடாதில்ல?"

அண்ணன் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார். அண்ணிக்கு வேலை போனால் என் சம்பளம் எந்த மூலைக்கு? ஆனாலும் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்களும் வந்தார்கள்.

சத்தம் கேட்டு வந்த கம்பெனி அம்மா, "இது உங்க முதலாளி கட்டடம். இதுல நாங்க என்ன பண்ண முடியும்?" என்று இழுத்தார்.

அண்ணி ஒரு காலரைத் திருப்பிக் காட்டினார். "இதுல உங்க பேரைத்தானே தைக்கிறோம் மேடம். சட்டை உங்களுதுன்னா, தைக்கிறவங்க உயிருக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

அந்த அம்மா காவலாளியிடம் பூட்டை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுவாரமே தள்ளினால் திறக்கும் கதவு வந்தது. அண்ணியை வேலையை விட்டு நிறுத்தினால் ஆர்டர் கிடையாது என்றும் கம்பெனி மேலிடத்திலிருந்து உத்தரவாம்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அண்ணியை வீட்டுல எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

"நாங்க எங்க சார் சமாளிக்கிறோம்? அவங்கதான் எங்களைக் காப்பாத்துறாங்க," என்றேன்.