தொட்டித் தண்ணீரை நம்பாதீர்கள்

ராமநாதபுரம் டவுனை ஒட்டிய ஒரு குடியிருப்புப் பகுதியில், பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. கணவர் துபாயில் இருப்பதால், இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு நானே பார்க்கப் போனேன். குழாய்த் தண்ணீர்கூட இனித்தது. முன்பணம் தரச் சம்மதித்துவிட்டேன்.

வாசலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுக் கொடுத்து, தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "தொட்டியில கிடக்குறது லாரித் தண்ணி தாயி. போர்த் தண்ணி வாயில வைக்க ஏலாது" என்றார்.

வீட்டைக் காட்டிய தரகரை மோட்டார் போடச் சொல்லி, மாடியேறி, தொட்டிக்குள் விழும் போர்க் குழாயில் கையேந்திக் குடித்துப் பார்த்தேன். ஒரே உப்பு! அங்கேயே மறுத்துவிட்டேன்.

பிறகு, நல்ல தண்ணீருள்ள வேறு தெருவில் வாங்கினோம். "நான் வந்திருந்தாக்கூட இதைக் கேட்டிருக்க மாட்டேன் புள்ள" என்று கணவர் போனில் சொன்னபோது பெருமையாக இருந்தது.

இப்போதெல்லாம் வீடு பார்க்கும் தோழிகள் என்னையும் அழைக்கிறார்கள். நான் முதலில் அக்கம்பக்கத்துக் கதவைத்தான் தட்டுகிறேன்.