மாமனார் உடம்பில் மாப்பிள்ளை

மருமகனுக்குக் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோன மாமனார்களை எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். பெண் கேட்டு வருவதற்கு முன்பே மருமகனின் ரத்தத்தை வாங்கி ஏற்றிக்கொண்ட மாமனார் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் என் உடன்பிறந்த அண்ணன். பேச்சுக்குச் சொல்லவில்லை. பணம் கட்டி, படுக்கையில் படுத்து, ஊசி வழியாகத்தான் ஏற்றிக்கொண்டார்.

அண்ணனுக்கு டைல்ஸ் வியாபாரம். கல்லாவில் நான் உட்காருவேன். ஒரு பெட்டி கேட்டு வந்தவரை ஆறு பெட்டி வாங்க வைத்து அனுப்புகிற வாய் அவருக்கு. ஆனால் அறுபது தாண்டியதும் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒருநாள் கடைக்கு வந்த பெண் அவரைப் பார்த்து, "தாத்தா, முதலாளி இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். போயிற்று. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. அடுத்த வாரமே ஓர் இளமை மருத்துவமனையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அங்கே இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் ரத்தம் எடுப்பார்கள். சிவப்பை நீக்கிவிட்டு, மஞ்சளாக மிஞ்சுகிற நீரைப் பையில் அடைத்து வசதியுள்ள கிழங்களுக்கு ஏற்றுவார்கள். ஏற்றினால் வயசு திரும்பிவிடுமாம். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்பது அங்கே சட்டம். பேருக்குப் பதிலாக ஒரு விலங்குப் படம். கொடுத்த பிள்ளையின் கையில் ஒட்டுகிற பிளாஸ்திரியிலும் அதே படம், பையிலும் அதே படம். என் அண்ணனுக்கு வாய்த்தது சிங்கக்குட்டி.

அதற்குப் பிறகு வீட்டில் ஓயாமல் சிங்கக்குட்டி புராணம்தான். "சிங்கக்குட்டி குடிக்க மாட்டானாம். சிகரெட் கிடையாதாம். தினமும் ஓடுவானாம். பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும்" என்பார். மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறுவார். கைத்தடியைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். தலைக்குச் சாயம், காலுக்கு வெள்ளை ஷூ. அண்ணி மட்டும் வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் போட்ட குளியலறையிலிருந்து வலி தைலத்தின் வாசனை வருவது அவளுக்குத்தானே தெரியும்!

இந்தச் சமயம் பார்த்து அண்ணன் மகள், லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றாள். அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். முழங்கால் நிஜமாகவே சரியாகிவிட்டதோ என்று நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

"அவன் ரத்தம் வேற, நம்ம ரத்தம் வேற. ஒட்டாது."

"ஒரு தடவை பாருங்கப்பா."

"முதல்ல ஒரு வாடகை வீடு பிடிச்சு அட்வான்ஸ் கட்டிட்டு வரச்சொல்லு. அப்புறம் பார்க்கலாம்."

ஒரு வருஷமாக இதே பதில். அவள் அழுதாள், பட்டினி கிடந்தாள், கடைசியில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். கதவு திறந்தால் போதும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வரச்சொன்னார் அண்ணன். வரச்சொன்னாரே தவிர, பார்த்த மாத்திரத்தில் அவன் மிரண்டு ஓட வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்கு வாட்டசாட்டமாகத் தெரிய வேண்டாமா? அந்த வாரத் தொடக்கத்திலேயே மருத்துவமனைக்குப் போன் போட்டு, "இந்தத் தடவை ரெண்டு பையா போடுங்க. சிங்கக்குட்டியோடதுதான் வேணும், புதுசா எடுத்ததா இருக்கணும்" என்று சொல்லிவைத்து, சனிக்கிழமை போய் ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஞாயிறு காலை பையன் வந்தான். துவைத்துத் தேய்த்த முழுக்கைச் சட்டை, நல்ல உயரம். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அண்ணன் கூடத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அட்வான்ஸ் கட்டியாச்சா?"

"நேத்துத்தான் சார் பணம் சேர்ந்துச்சு. நாளைக்குக் கட்..."

சொல்லி முடிப்பதற்குள் சாய்ந்துவிட்டான். அண்ணன் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். அந்த மட்டுக்கும் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். கீழே படுக்கவைத்து, காற்றுப் படட்டும் என்று அண்ணி அவன் சட்டைக் கைகளை மேலே சுருட்டிவிட்டாள். வலது கை மடிப்பில் ஒரு சிங்கக்குட்டி. இடது கை மடிப்பில் இன்னொரு சிங்கக்குட்டி.

அண்ணன் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

பையன் கண்ணைத் திறந்து, "மன்னிச்சிடுங்க சார். வழக்கமா இப்படி ஆகாது. யாரோ ஒரு பெரிய மனுஷன் ரெண்டு பை கேட்டாராம். அதான் இந்த வாரம் ரெண்டு தடவை கொடுக்க வேண்டியதாப் போச்சு" என்றான்.

இதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா?

"ஏண்ணா, அவன் ரத்தம் வேற, நம்ம ரத்தம் வேறன்னியே. ஒரு வருஷமா உனக்குள்ள ஓடறது என்ன, குழாய்த் தண்ணியா? நல்லாத்தானே ஒட்டியிருக்கு!"

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம் என் அண்ணன். "அப்படின்னா இன்னும் மோசம்! ரெண்டு பேர் ரத்தமும் ஒண்ணுன்னா அவன் எனக்குப் பிள்ளை. இவளுக்கு அண்ணன் முறை. எப்படிக் கட்டிக் கொடுக்கறது?"

"கொடுத்தவன் பிள்ளையா, வாங்கினவன் பிள்ளையா? முறைப்படி பார்த்தா நீதான் அவனுக்குப் பிள்ளை."

அண்ணி சட்டென்று எழுந்து, பையனைப் பார்த்தபடி முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்ப இவர் எனக்கு மாமனாரா? சொல்லக் கூடாதா, நான்பாட்டுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கேனே!"

எல்லாரும் சிரித்துவிட்டோம். தரையில் கிடந்த பையனும் சிரித்தான். ஒரு வருஷம் கழித்து அண்ணன் மகளின் பல்லை அன்றுதான் பார்த்தேன். அண்ணி பழரசம் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் உட்கார்ந்து குடித்தான். அண்ணன் அவன் பக்கம் குனிந்து, மருத்துவமனைக்காரன் பைக்கு என்ன தருகிறான் என்று ரகசியமாகக் கேட்டார். அவனும் ரகசியமாகச் சொன்னான்.

"அவ்வளவுதானா? அடப்பாவி!" அண்ணன் கத்திவிட்டார். "வாழ்நாள்ல ஒரு டைல்ஸ்லகூட நான் இவ்வளவு லாபம் வெச்சதில்லையே! நடுவுல அவன் எதுக்கு? தம்பி, நீ இங்கயே வந்துடு. வீட்டோட மாப்பிள்ளை. மாசத்துக்கு ரெண்டு தடவை ஒரு நர்ஸ் வந்து உன்கிட்ட எடுத்து எனக்கு ஏத்திட்டுப் போகட்டும். உனக்கும் லாபம், எனக்கும் லாபம். கல்யாணத்துக்கு நான் சம்மதிச்சாச்சு!"

"சரி சார்" என்று பையன் உடனே தலையாட்டினான். அவனுக்குக் காதில் விழுந்தது சம்மதம் என்கிற ஒரு வார்த்தைதான். அண்ணனுக்கு இருந்த குஷியைப் பார்த்து எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா."

அண்ணன் மகள்தான். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

"என்னடி இது? இப்பத்தானே சரின்னேன்!"

"அதனாலதான் வேண்டாங்கறேன். இவரைக் கூட்டிட்டு வந்து உங்ககிட்ட விடறதுக்கா நான் ஒரு வருஷம் அழுதேன்?" அவனிடம் திரும்பினாள். "நீங்க கிளம்புங்க. நான் வரல. நான் உங்ககூட இருந்தா இவங்க உங்களை விட மாட்டாங்க."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, பழரசம் சட்டையில் சிந்தியது. அண்ணன் அவன் கால்களைப் பார்த்தார். தினமும் ஓடுகிறவனின் கால்கள். பிறகு மெல்லக் குனிந்து அவன் பக்கத்தில் தரையில் உட்காரப் போனார். முழங்கால் மளுக்கென்றது. "ஐயோ, முட்டி!" என்று அலறிக்கொண்டே உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் முட்டியைப் பிடித்தபடி அண்ணியைப் பார்த்தார்.

"அந்தத் தைலத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வா."

"எந்தத் தைலங்க?" என்றாள் அண்ணி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"சோப்பு டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேனே, அது. பரண்ல ஒரு தடி கிடக்கும், அதையும் யாராவது இறக்குங்க."

"நான் எடுத்துத் தரேன் சார்" என்று பையன் மறுபடி சுவரைப் பிடித்தான்.

"நீங்க உட்காருங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "உங்ககிட்ட வாங்கினதெல்லாம் போதும்."

மகள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் ஸ்டூலை இழுத்துவந்து பரணுக்குக் கீழே போட்டாள்.