கரிப் புகை என்றுதான் சொன்னார்

என் கணவரின் அண்ணன் கடைசிக் காலத்தில் படுத்துத் தூங்கவே இல்லை. படுத்தால் மூச்சு முட்டும். அதனால் முன்னால் ஒரு கடலை மூட்டையைப் போட்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு குந்தியே இருப்பார். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போல ஒரு சத்தம் ஓயாமல் கேட்கும். மீசை அரும்பிய வயதிலிருந்து பீடியும் சுருட்டுமாக இருந்த மனிதர். போவதற்குச் சில நாள் முன்னால் என் கணவரைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி... அந்த எழவ... விட்டுடுடா. என்னப் பாரு."

அவ்வளவு சொல்வதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது அவருக்கு.

கருமாதி முடிந்த அன்று என் கணவர் எங்கள் மகளை மடியில் இழுத்து வைத்து, அவள் தலையில் கை வைத்தார். "இனிமே பீடியத் தொட மாட்டேன். இந்தப் புள்ள மேல சத்தியம்." யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. அவராகத்தான் செய்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அப்படின்னா நானும் பொயலைய விட்டுடுறேங்க" என்றேன். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே உண்டு. விட்ட பிறகு கொஞ்ச காலம் தலைவலி மண்டையைப் பிளந்தது. நாக்கு நமநமக்கும்போதெல்லாம் ஒரு கல் உப்பை வாயில் போட்டுக்கொள்வேன். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற தெம்பில் பொறுத்துக்கொண்டேன்.

அது யுத்த காலம். அவர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் டிரைவர். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, மரக்கரியை எரித்து அந்த வாயுவில் ஓட்டினார்கள். புறப்படும் முன் வெகுநேரம் கைச்சக்கரத்தைச் சுற்றி அந்த அடுப்புக்குக் காற்றடிக்க வேண்டும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். என் தம்பிதான் அதே பஸ்ஸில் கண்டக்டர். தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவனுக்குக் கல்யாணமான கையோடு, முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுக்கச் சொல்லி என் கணவரை நச்சரித்தவளும் நான்தான்.

அவருடைய காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தால் புகை நாறும். ஒருநாள் கேட்டேன்.

"கரி பஸ் ஓட்டுறவன் சட்டையில மல்லிகப்பூ வாசமா வரும்?" என்று சிரித்தார்.

தம்பியும் பக்கத்தில் இருந்தான். "என் சட்டைய மோந்து பாருக்கா, அதுவும் அப்படித்தான்" என்றான். மூன்று பேருமாகச் சிரித்தோம். விரல் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்றதற்கு, அடுப்பைத் துடைக்கும்போது தார் மாதிரிக் கீல் ஒட்டிக்கொள்கிறது, தேய்த்தாலும் போகவில்லை என்றார். அதையும் நம்பினேன்.

அப்புறம் இருமல் வந்தது. காலையில் எழுந்ததும் குனிந்துகொண்டு இருமுவார்; சளி வந்தால்தான் நிற்கும். கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தால் வாசலில் நின்றுவிடுவார். எல்லாம் கரிப் புகையால் என்றே நினைத்தேன். பொறுக்க முடியாமல் பஸ் முதலாளி வீட்டுக்கே போய், "உங்க கரி எங்க வூட்டுக்காரர் உசுர வாங்குதுங்க, அவருக்கு வேற வேல குடுங்க" என்று முதலாளியின் மனைவியிடம் அழுதேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒருநாள் மேட்டில் பஸ் நின்றுவிட, ஆட்களோடு சேர்ந்து தள்ளப் போனவர் ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்துப் போயிற்றாம். மறுநாள் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நானும் தம்பியும் கூடப் போனோம்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, "பீடி குடிக்கிறது உண்டா?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் விட்டுட்டாருங்க. புள்ள தலையில சத்தியம் பண்ணி விட்டுட்டாருங்க." சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பி, அந்த மஞ்சள் விரல்களைப் பார்த்தார். "இன்னிக்குக் காலையில குடிச்சியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு குடிச்சேனுங்க."

"இது காசம் இல்லம்மா" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். "பீடிப் புகை நுரையீரலக் கெடுத்து வச்சிருக்கு. கெட்டது கெட்டதுதான், திரும்பாது. இப்ப நிறுத்தினா மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம்."

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் தம்பி நின்றிருந்தான்.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"மாமாதான் சொல்ல வேணாம்னாருக்கா..."

"எப்பலேர்ந்து?"

"அவரு விடவே இல்லக்கா."

அவன் சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. மாமாவுடையது என்றான். சொல்லும்போதே அவனுக்கு இருமல் வந்தது. நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். என்னிடம் சொல்லாமல் இருக்க, அவன் வாயை அடைக்க என் கணவர் கொடுத்துப் பழக்கிய பீடி அது என்று புரிந்துவிட்டது. நான் வளர்த்த பிள்ளைக்கு என் வீட்டு மனிதரே கொடுத்தது.

அந்த ரூட்டில் பஸ் ஏறிய எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "புள்ளைக்கு அம்ம போட்டு வேப்பிலையில கெடந்தாளே, அப்பவும் குடிச்சீங்களா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குடிக்கவில்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

கடைத்தெருவில் வெற்றிலையும் புகையிலையும் வாங்கி, பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டேன்.

"நீ விட்டுட்டியே புள்ள" என்றார்.

"நீங்களுந்தான் விட்டீங்க."

பழக்கம் விட்டுப் போனதால் தலை சுற்றியது, குமட்டியது. ஆனாலும் பெரம்பலூர் வரும்வரை துப்பாமல் மென்றேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம், படுத்திருந்தவர் மூச்சு முட்டி எழுந்து, பக்கத்தில் கிடந்த மூட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக் குந்தினார். ஊன்றிய பிறகுதான் தாம் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. "அண்ணன் மாதிரியே..." என்று என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பயத்தை நான் அவர் கண்ணில் பார்த்ததே இல்லை. தம்பியும் அங்கே நின்றிருந்தான். இரண்டு பேரும் அன்றைக்கே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். சத்தியம் எதுவும் செய்யவில்லை. செய்ய வந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

தம்பிக்கு இருமல் போய்விட்டது. அவருக்கு இருமல் குறைந்தது, இளைப்பு குறையவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். வெளியே போய்த் திரும்பினால், நான் கேட்பதற்கு முன்பே சட்டையைக் கழற்றி நீட்டுவார்.

"மோந்து பாத்துக்க."

மோந்து பார்ப்பேன். வேர்வை வாடை மட்டும்தான் வரும். ஆனாலும் நம்ப மாட்டேன். "மாமா நெசமாவே விட்டுட்டாருக்கா" என்று தம்பி சொல்வான். அவன் சொல்லி நான் எதை நம்புவது? அன்று நம்பாமல் இருந்ததற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. ஒருதடவை முழுசாக நம்பியவள் நான்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் பஸ் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகுதான் அவர் போனார். காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அவருடைய தகரப் பெட்டி, சட்டைப் பைகள், கூரைச் செருகல், மாட்டுக் கொட்டகை இடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு பீடித் துண்டு கிடைக்கவில்லை. ஒரு தீப்பெட்டிகூட இல்லை.

தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் சொன்னேனேக்கா" என்றான்.

நான் அவருடைய சட்டையை எடுத்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.