கோல்கீப்பர் எடுத்த அக்கினிச்சட்டி

இராமகிருஷ்ணனுக்குப் பந்தாட்டத்தில் காலைவிட வாய்தான் நன்றாக ஓடும். விருதுநகரில் மிளகாய்வத்தல் மண்டி வைத்திருந்தவரின் மகன், சத்தமாகவும் பேசுவான், அது போதாதா? 1958-இல் கல்லூரிக் கால்பந்து அணிக்குக் கேப்டனாகிவிட்டான். அந்த வருஷம் அணி ஜெயித்ததெல்லாம் கோல்கீப்பர் பெத்தணனால்தான். ஆமத்தூர்ச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கரிசலில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகள். பந்து அவற்றுக்குள் போனால் போனதுதான்.

மதுரையில் நடந்த அரையிறுதியில் இடைவேளை வரை ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். இராமகிருஷ்ணன் ஓரமாகப் போய் ஊர்த் திசையைப் பார்த்துக் கும்பிட்டான். 'மாரியாத்தா, ஜெயிக்க வச்சிரு. பங்குனிப் பொங்கலுக்கு என் கையால அக்கினிச்சட்டி எடுக்கேன்.' வேண்டியது ஆத்தாளுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்து, ஜெயித்துவிட்டார்கள்.

திரும்பும் பஸ் திருமங்கலம் தாண்டுவதற்குள் அவனுடைய சந்தோஷம் வடிந்துவிட்டது. சட்டி நிறைய நெருப்பு. வேப்பிலையை வைத்து வெறுங்கையில் ஏந்திக் கோயில் வரை நடக்க வேண்டும். பொங்கல் முடிந்த கையோடு பரீட்சை வேறு. கை வெந்துபோனால் எப்படி எழுதுவது? பயந்தவனுக்குக் காரணமா கிடைக்காது? எழுந்து நின்றான்.

"ஏலே, நம்ம டீமுக்காக ஒரு சட்டி நேர்ந்திருக்கேன். யாராச்சும் ஒருத்தர் எடுத்தாப் போதும்."

"நான் எடுக்கேன். எனக்குத்தான் கை காய்ச்சுப்போய்க் கெடக்கே" என்றான் பெத்தணன், சிரித்துக்கொண்டே. அவனுக்கும் அதே பரீட்சைதான்.

காப்புக் கட்டிக்கொண்டு பத்து நாள் விரதம் இருந்தான். விரதம் சுத்தமாக இருந்தால் சட்டி சுடாது என்பது ஊர் நம்பிக்கை. அவனைச் சுட்டது. கோயிலில் சட்டியை இறக்கியபோது இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். அவன் அம்மா மூக்கம்மாள் அத்தனை கூட்டத்துக்கு நடுவே தலையில் அடித்துக்கொண்டாள். "என்னத்தைத் தின்னு தொலைச்சுட்டு ஆத்தா முன்னால வந்து நின்னே?"

அன்று சாயங்காலம் பெத்தணன் கேட்டான்: "போன வாரம் பிராக்டிஸ் முடிஞ்சு டீ குடிச்சோம்ல ராமு, அந்தக் கடையில முட்டை அவிச்சுக்கிட்டு இருந்தான். அதுதானோ?"

நேர்ந்தவன் ஒருத்தன், எடுத்தவன் ஒருத்தன். அதனால்தான் சுட்டது என்று இராமகிருஷ்ணனுக்கு உள்ளே அடித்துக்கொண்டது. ஆனாலும், "அதுவாத்தான் இருக்கும்" என்றான். பொய்யைக்கூட அவன் சொந்தமாகச் சொல்லவில்லை. பெத்தணன் எடுத்துக் கொடுத்ததற்குத் தலையாட்டினான், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இறுதி ஆட்டம். கட்டுப் போட்ட கைகளில் பந்து நிற்காமல் வழுக்கிக் கோலுக்குள் போனது. தோற்றார்கள். கல்லூரியே பெத்தணனை 'விரதம் முறிச்ச பய' என்றது. கேப்டனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு இராமகிருஷ்ணன் மண்டியில் உட்கார்ந்தான், சொர்ணலட்சுமியைக் கட்டினான், இரண்டு பெண்களுக்குத் தகப்பனானான். பங்குனி வந்தால் மட்டும் வியாபாரம் என்று காரியாபட்டிப் பக்கம் ஓடிவிடுவான். பெத்தணன் செய்யாத தப்புக்குப் பரிகாரமாக வருஷா வருஷம் சட்டி எடுக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தான். அதைக் கண்ணால் பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை.

1966 மாசியில் மூக்கம்மாள் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இராமகிருஷ்ணன் ஆமத்தூர் போனான். பஸ் ஏற்றிவிட வந்த பெத்தணனுக்கும் சேர்த்து, நிறுத்தத்துக் கடையில் டீ சொன்னான்.

"நீ குடி. நான் டீயை விட்டு எட்டு வருசமாச்சு" என்றான் பெத்தணன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "வீட்டுல எழவு விழுந்த வருசம், நான் சட்டி எடுக்கக் கூடாது. எனக்குப் பதிலா நீ எடுப்பியா, ராமு?" என்றான்.

இராமகிருஷ்ணன் கையில் இருந்த கிளாஸைப் பெஞ்சின்மேல் வைத்தான். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மதுரையில் வேண்டிக்கொண்டதை, பஸ்ஸில் மாற்றிச் சொன்னதை, டீக்கடை முட்டைதான் காரணமோ என்றதற்குத் தலையாட்டியதை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

பெத்தணன் கோபப்படவில்லை. தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான். பிறகு தனக்கு வந்து ஆறிப்போயிருந்த டீயை எடுத்து முழுசாகக் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தான்.

"எங்கம்மா சாகுறப்பக்கூட, 'ஆத்தாகிட்ட மன்னாப்புக் கேட்டுக்கோடா'ன்னுதான் சொல்லிட்டுப் போனா. ஒரு பதினாறு நாளைக்கு முன்னால வந்து சொல்லியிருக்கப்படாதா, ராமு?"